யுக்கொனென் எந்தத் தரம்?

‘பின்லாந்தின் இரண்டாம் தரக் கால்பந்து லீக்.’ யுக்கொனென் என்ற லீக்கைப் பற்றித் தமிழில் எழுதுபவர்களிடம் இதை இன்னும் எத்தனை முறை படிக்க வேண்டுமோ தெரியவில்லை. யாரோ ஒருவர் எழுதிவைத்தார், அடுத்தவர் அதை அப்படியே எடுத்து ஒட்டினார், இப்போது அதுவே வழக்குப் போல ஆகிவிட்டது.

முதலில் பெயரை முடித்துவிடலாம். பின்னிய மொழியில் ‘யுக்ஸி’ என்றால் ஒன்று. அதிலிருந்து வந்த பெயர்ச்சொல் ‘யுக்கொனென்’, அதாவது ஒன்றாம் எண். (அந்த ‘யு’வை வாயை உகரத்துக்குக் குவித்து வைத்துக்கொண்டு இகரமாகச் சொல்ல வேண்டும். நம் எழுத்தில் அதற்கு இடமில்லை.) 2023 வரை நாட்டின் இரண்டாவது லீக்குக்கு அதுதான் பெயர். மேலே வெய்க்கவுஸ்லீகா. கீழே ‘இரண்டாம் எண்’ என்ற பொருளில் கக்கொனென், அதற்கும் கீழே ‘மூன்றாம் எண்’ கொல்மொனென். பெயரில் ஒன்று, வரிசையில் இரண்டு.

சரி, ‘தரம்’ எங்கே வந்தது? தமிழில் இரண்டாம் தரம் என்றால் மட்டமானது. இரண்டாந்தரக் குடிமக்கள் என்று எழுதும்போது யாரும் வரிசையைச் சொல்வதில்லை, இழிவைச் சொல்கிறார்கள். ஹாக்கா அணியை எடுத்துக்கொள்ளுங்கள். காகித ஆலை ஊரான வால்கேயகோஸ்கியின் அணி, 9 முறை நாட்டின் சாம்பியன். 2012இல் கீழே இறங்கியது. 2013 முதல் 2019 வரை யுக்கொனெனில் ஆடி, கடைசி ஆண்டில் அதை வென்று மேலே ஏறியது. அந்த 7 ஆண்டுகளும் அது இரண்டாந்தர அணியா? அது நின்ற இடம் இரண்டாவது, அவ்வளவுதான்.

இலங்கையில் பள்ளி வகுப்பையே தரம் 5, தரம் 6 என்றுதானே சொல்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே எண் கூடக் கூட மாணவர் மேலே போகிறார். லீக்கில் எண் கூடினால் அணி கீழே போகிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தாலும் சொல் பொருந்தவில்லை.

‘இரண்டாம் பிரிவு’ என்பவர்கள் கொஞ்சம் பரவாயில்லை. குறைந்தது யாரையும் மட்டம் தட்டவில்லை. சிக்கல் வேறிடத்தில். கக்கொனெனில் அணிகள் அதிகம் என்பதால் அதை ஏ, பி, சி என்று பகுத்து நடத்தினார்கள். பின்னிய மொழியில் அந்தப் பகுப்புக்கு ‘லோஹ்கோ’ என்று பெயர். தமிழில் அதற்கு இயல்பாக வரும் சொல் பிரிவுதான். லீக்கையும் பிரிவு என்றால், ‘மூன்றாம் பிரிவின் பி பிரிவு’ என்று எழுத வேண்டியிருக்கும். அதைப் படிப்பவர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

2024 இன்னும் மோசம். அந்த ஆண்டு யுக்கொஸ்லீகா என்ற புதிய லீக் 10 அணிகளோடு இரண்டாம் இடத்துக்கு வந்தது. அதன் முதல் சாம்பியன் கொட்கா துறைமுக நகரத்தின் கேடிபி. பழைய யுக்கொனென் ஒரு படி இறங்கி மூன்றாவதானது, கக்கொனென் நான்காவதானது. ஆனால் மொழிபெயர்ப்பாளர் பலர் ‘யுக்கொனென் = இரண்டாம் பிரிவு’ என்று ஒருமுறை மனப்பாடம் செய்துகொண்டால் ஆண்டைப் பார்ப்பதே இல்லை. பெயரைப் பெயராக விட்டு, இடத்தைத் தனியாகச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

இடத்தைச் சொல்ல ‘அடுக்கு’ இருக்கிறதே. ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது என்பதைத் தவிர அதில் வேறு பொருள் கலக்கவில்லை. அடுக்குமல்லியின் உள்ளடுக்கு மட்டம் என்று யாரும் சொல்வதில்லை. ஒரே ஒரு குறை உண்டு: இரண்டாம் மாடி போல, கீழிருந்து எண்ணிவிட வாய்ப்பிருக்கிறது. பின்லாந்துக்காரர்கள் இதை அழகாகத் தீர்த்துவைத்திருக்கிறார்கள். ‘சார்யா’ என்றால் லீக், ‘தாசொ’ என்றால் நிலை. ‘தொய்செக்ஸி கொர்கெய்ன் சார்யாதாசொ’ என்பார்கள், அதாவது இரண்டாவது உயர்ந்த லீக் நிலை. நாமும் முதல் தடவை ‘மேலிருந்து இரண்டாம் அடுக்கு’ என்று எழுதிவிட்டு, அப்புறம் ‘இரண்டாம் அடுக்கு’ என்று போய்க்கொண்டே இருக்கலாம்.

இந்த லீக்கைப் பற்றி எழுதும்போது வரும் இன்னொரு சொல் சீசன். அதோடு எனக்குச் சண்டை இல்லை. குற்றால சீசன் என்று சொல்லிப் பழகிய நாக்கு நம்முடையது. ‘பருவகாலம்’ என்று எழுதுபவர்களோடுதான் சண்டை. கோடை, குளிர்காலம் போன்றவற்றைப் பின்னிய மொழியில் ‘வூதெனாய்கா’ என்பார்கள், ஆட்ட சீசனுக்கு ‘கௌசி’ என்று வேறு சொல் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் நாம் ஏன் ஒன்றாக்க வேண்டும்? இன்னொன்று, அங்கே பனிக்காலத்தில் லீக் ஆட முடியாது. வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்துக்குள் முடித்துவிடுவார்கள், எல்லாம் ஒரே ஆண்டுக்குள். இங்கிலாந்து லீக்கைப் பார்த்த பழக்கத்தில் ‘2018-19 யுக்கொனென் பருவகாலம்’ என்று எழுதினால், ஹாக்கா எந்த ஆண்டு வென்றது என்று வாசகர் எப்படிக் கண்டுபிடிப்பார்?