இரவு முழுக்க ஒரே கையெழுத்து

முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். டிஸ்சார்ஜ் ஆகும்போது வீட்டுக்காரர்களிடம் ஒரு அட்டவணை கொடுத்து அனுப்புவோம். படுக்கைப் புண் வராமலிருக்க, படுக்கையில் இருக்கும்போது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கதீட்டர் என்ற மெல்லிய குழாயைப் போட்டுச் சிறுநீர் எடுக்க வேண்டும், செய்து முடித்ததும் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 3 மாதம் கழித்து ஒரு பெண் தன் கணவரை வீல்சேரில் கூட்டிக்கொண்டு வந்தார். இரவு 11, 1, 3, 5 என்று அட்டவணையில் ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. கணவரின் முதுகில், இடுப்பில் எங்கும் ஒரு சிவப்புத் தடம் கிடையாது. "பிரமாதம்மா, இனிமேல் எல்லாருக்கும் உங்களைத்தான் உதாரணம் சொல்லப்போகிறேன்" என்று பாராட்டி அனுப்பினேன். எல்லாக் கட்டத்திலும் ஒரே கையெழுத்து, அப்படியென்றால் 90 இரவாக அவர் சேர்ந்தாற்போல் 2 மணி நேரம்கூடத் தூங்கவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

அடுத்த முறை கணவர்தான் சொன்னார். "இவ இப்பல்லாம் பேசறதே இல்லை மேடம், பாத்ரூம்ல போய் அழுதுட்டு வரா."

உலகம் முழுக்க 1.5 கோடிக்கும் அதிகமானவர்கள் தண்டுவடக் காயத்தோடு வாழ்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் பலருக்குப் பக்கத்தில் ஒரு மனைவியோ, அம்மாவோ, தம்பியோ இருக்கிறார். அடிபட்டவருக்கு எங்களிடம் தடிமனான ஃபைல் இருக்கும், பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு தாள்கூட இருக்காது. அவர் முதுகு வலி, தலைவலி, பசியில்லை என்று சொல்வார். "அவருக்கே இப்படி ஆயிடுச்சு, எனக்கென்ன?" என்று அதையும் பாதியில் நிறுத்திக்கொள்வார்.

அசதிக்கும் மனச்சோர்வுக்கும் வித்தியாசம் உண்டு. ஒரு நாள் நன்றாகத் தூங்கி எழுந்தால் அசதி குறையும். ஆனால் 2 வாரத்துக்கு மேலாக, ஏறக்குறைய எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்துக் கிடக்கிறது, பிடித்த எதிலும் நாட்டமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, எல்லாம் என் தப்புதான் என்று தோன்றுகிறது என்றால் அதை நோயாகத்தான் பார்க்க வேண்டும். நான் பார்த்த வரை இது முதல் மாதத்தில் வருவதைவிட, விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் ஓய்ந்து, இனி நடக்க மாட்டார் என்பது வீட்டில் மெல்ல உறுதியாகும் நேரத்தில்தான் அதிகம் வருகிறது.

பயம் வேறு. மார்பின் 6வது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலே ரத்த அழுத்தம் திடீரென எகிறலாம், கதீட்டர் குழாய் மடங்கியிருந்தால்கூடப் போதும். மண்டையைப் பிளக்கும் தலைவலியும் வியர்வையும் வரும், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டவர், வேறு ஆள் பார்த்துக்கொள்ளும் இரவிலும் கண்ணை மூட மாட்டார்.

அதனால் நான் முதலில் கேட்பது இரவைப் பற்றித்தான். 2 மணி நேரக் கணக்கு ஆயுசுக்கும் அப்படியே இருக்க வேண்டும் என்பதில்லை. நல்ல மெத்தை இருந்து, தோலும் தாங்குகிறது என்றால், தினமும் தோலைப் பார்த்துக்கொண்டே பலருக்கு இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம், மாலைக்கு மேல் தண்ணீரைக் குறைத்து நடுராத்திரி கதீட்டரையும் தவிர்க்கப் பார்க்கலாம். இரண்டையும் உங்கள் மருத்துவக் குழுவிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஆனால் கேளுங்கள், ஏனென்றால் நாங்களாகச் சொல்ல மறந்துவிடுகிறோம், நான் அந்தப் பெண்ணிடம் மறந்தேன். அப்புறம், கை நன்றாக வேலை செய்பவர் தன் கதீட்டரைத் தானே போட்டுக்கொள்ளலாம், கண்ணாடி வைத்துத் தன் தோலைத் தானே பார்க்கலாம். பாசத்தில் எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால் அவருக்கும் நான் எதற்கும் ஆகாதவன் என்ற எண்ணம் வேர் பிடித்துவிடும்.

சொல்ல நா கூசும் ஒன்றும் இருக்கிறது. "அன்னிக்கே போய்ச் சேர்ந்திருந்தா அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதின்னு ஒரு நிமிஷம் தோணிடுச்சு" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவே முடியாமல் உட்கார்ந்தவர்கள் உண்டு. அப்படித் தோன்றியதால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடவில்லை, தாங்க முடியாத அளவுக்குச் சுமந்திருக்கிறீர்கள். ஆனால் சாக வேண்டும் என்ற எண்ணம் உங்களைப் பற்றி வந்தாலோ, அவருக்கோ உங்களுக்கோ ஏதாவது செய்துவிடுவோமோ என்று பயமாக இருந்தாலோ, அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். பக்கத்தில் இருப்பவர்களும் நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

மனச்சோர்வுக்குப் பேச்சு சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன. மருந்து வேலை செய்வது தெரிவதற்குச் சில வாரம் ஆகும், 4 நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

உறவினர்களிடம் ஒன்று கேட்கிறேன். மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லி நான் எழுதிக் கொடுக்கும் சீட்டோடு போகாமலே இருந்துவிடுகிறவர்கள் பலர். காரணம் கேட்டால், "அந்த 3 மணி நேரம் இவரை யார்கிட்ட விட்டுட்டுப் போறது?" என்கிறார்கள். அந்த 3 மணி நேரத்துக்கு நீங்கள் போய் உட்காருங்கள். கதீட்டர் போடத் தெரியாதே என்றால் வாருங்கள், அரை மணி நேரம் ஒதுக்கி நான் சொல்லித் தருகிறேன்.