மானாவாரி: இது எந்த ‘வாரி’?

‘மானாவாரி’ உருதுச் சொல் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் அப்படி நினைக்கக் காரணமும் உண்டு. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் என்ற இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனதும், கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் உழவரிடமே நேரடியாக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையை நடத்திப் பார்த்தது இந்த மண்ணில்தான். அந்த ‘வாரி’ பாரசீக வழி வந்த ஒட்டு. ‘மாவட்டவாரியாக’, ‘வார்டுவாரியாக’ என்று இன்றும் எழுதுகிறோமே, அதேதான். காதுக்கு ஒன்றுபோல் கேட்பதால் மானாவாரியையும் அதோடு சேர்த்துவிடுகிறார்கள்.

இந்த ‘வாரி’ வேறு. வானம் + வாரி என்பதே பொருந்திவரும் பிரிப்பு. விழி முழியானது, விழுங்கு முழுங்கானது. அதேபோல வானம் பேச்சில் மானமாகும். ‘மானம் பாத்த பூமி’ என்று கிழவிகள் சொல்வது இந்த மானத்தைத்தான், கௌரவத்தை அல்ல. வாரி என்றால் வருவாய், விளைச்சல். நீர், வெள்ளம் என்றும் பொருளுண்டு. ‘ஏரின் உழாஅர் உழவர் புயல்என்னும் வாரி வளங்குன்றிக் கால்’ என்ற 14ஆம் குறளில் மழையே ஒரு வாரி. ஆக, வானம் கொடுக்கும் வரும்படியை நம்பிச் செய்யும் வெள்ளாமைதான் மானாவாரி.

புன்செய்யும் மானாவாரியும் ஒன்றல்ல. புன்செய் என்பது நிலத்தின் வகை, வருவாய்த்துறைக் கணக்கில் இருப்பது. புன்செய்யில் கிணறோ போர்வெல்லோ போட்டுத் தக்காளி வைத்தால் அது தோட்டம். கணக்கில் புன்செய்யாகவே இருந்தாலும் மானாவாரி இல்லை. போர்வெல் வற்றிப்போனால் அதே புன்செய்க்காடு மறுபடி மானாவாரி ஆகிவிடும். இது பலருக்கு நடந்திருக்கிறது.

திட்ட அறிக்கை எழுதுகிறவர்கள் மானாவாரியை ‘உலர்நில வேளாண்மை’ என்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. தருமபுரியில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மி.மீ. அளவுக்கு மழை பெய்கிறது, பாலைவனக் கணக்கில்லை. தென்மேற்கும் கொஞ்சம், வடகிழக்கும் கொஞ்சம் என்று இரண்டு பருவமும் பங்கு போட்டுக் கொடுக்கின்றன. எது எப்போது காலை வாரும் என்பதுதான் சிக்கல். 2016இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழகத்தின் எல்லா மாவட்டங்களையுமே வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. உலர்நிலம் என்றால் மண் மட்டும் தெரிகிறது. மானாவாரியில் வானமும் வரும்படியும் சேர்ந்தே தெரிகின்றன.

அந்த வரும்படியை நம்பி ஒரே பயிரை யாரும் வைத்ததில்லை. தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு ராகிக் கொல்லையைப் பாருங்கள். சில சால் (உழவு வரிசை) ராகி, நடுவே ஒரு சால் அவரை, ஓரத்தில் துவரை, ஆமணக்கு, இடையிடையே கடுகு. கர்நாடக எல்லை தாண்டினால் கன்னடத்தில் இதற்கு ‘அக்கடி சாலு’ என்று பெயர். ராகியை அறுத்த பிறகும் அவரை நிற்கும். பகல் குறுகிப் பனி இறங்கினால்தான் அது பூக்கும். மார்கழி, தையில் அவரைக் கொட்டையைத் தோல் பிதுக்கி வைக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்பு அதன் வேலை. துவரை அதற்கும் பிறகு. முன்மழை ஏமாற்றினாலும் கவலை இல்லை, புரட்டாசிக்கு மேல் பின்மழை ஈரத்தில் கொள்ளு விதைக்கலாம். இந்தக் காட்டுக்கு ஏற்றதென்று கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பையூர் வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்களும் ராகி, சாமை, கொள்ளு என்றே போகின்றன. கூடவே நாலு ஆடு, வரப்பில் புளியமரம், வீட்டில் ஒருத்தருக்கு ஓசூரிலோ பெங்களூரிலோ கூலிவேலை.

‘ரெசிலியன்ஸ்’ என்று கூட்டங்களில் பேசுவது இதைத்தான். மீள்திறன், மீண்டெழும் திறன் என்று மொழிபெயர்க்கிறார்கள், தப்பில்லை. ஆனால் காட்டில் நிற்பவர் ‘சாமை தாக்குப்பிடிக்கும், நெல்லு தாங்காது’ என்பார். விழுந்து எழுவதற்கு முந்தைய கட்டம் அது. எனக்குத் ‘தாக்குப்பிடித்தல்’ என்ற அந்தச் சொல்தான் பிடித்திருக்கிறது. 2023இல் தருமபுரி, நீலகிரி ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதும் இந்தத் தாக்குப்பிடிப்பில் சேரும். விளைவதை வாங்க உள்ளூரிலேயே ஓர் ஆள் வேண்டுமே.

பேச்சில் இன்னொரு பொருளும் முளைத்திருக்கிறது: ‘மானாவாரியாகத் திட்டினான்’, ‘மானாவாரியாகச் செலவு’. கணக்கு வழக்கில்லாமல் என்று அர்த்தம். விதைத்துவிட்டு மழைக்கு விட்டுவிடும் வெள்ளாமையிலிருந்து இது பிறந்திருக்கலாம் என்பது என் ஊகம். கொல்லைக்காரருக்கு இது கொஞ்சம் அநியாயம். எந்தச் சாலில் எதைப் போடுவது என்பதில் அவருக்கு இருக்கும் கணக்கு லேசுப்பட்டதல்ல.

எழுதும்போது: ‘மானவாரி’யும் வழக்கில் உண்டு, ‘மானாவாரி’ பரவலானது. தூய வடிவம்தான் வேண்டுமென்றால் ‘வானவாரி’ அல்லது ‘வான்வாரி’ எனலாம். செய்தியிலும் கடிதத்திலும் மானாவாரி என்றே எழுதுங்கள், அடிப்படையில் அது தமிழ்தான். பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகும்: மானாவாரிப் பயிர், மானாவாரிச் சாகுபடி.