பசுமைத் தொழில் தொடங்கும் இளைஞருக்குக் கடன்: அரசின் பணம் எந்த வழியாக வருகிறது?

சூரிய மின்சாரத்தில் இயங்கும் குளிர்கிடங்கு, கழிவிலிருந்து எரிவாயு, பழைய பேட்டரிகளைப் பிரித்து மறுபடி பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் பட்டறை. வளரும் நாடுகளில் இப்படி ஒரு தொழிலைத் தொடங்க நினைக்கும் இளைஞரிடம் வங்கி மூன்று கேள்விகளைக் கேட்கும். அடமானமாக என்ன வைப்பீர்கள்? இதற்கு முன் கடன் வாங்கிக் கட்டியிருக்கிறீர்களா? கடந்த மூன்று வருடக் கணக்கு எங்கே? 24 வயதில் பெரும்பாலானவர்களிடம் இந்த மூன்றுக்குமே பதில் இருக்காது. பசுமைத் தொழில் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. தவணை நின்றுபோனால் அந்த இயந்திரத்தை யாரிடம், என்ன விலைக்கு விற்பது என்று வங்கி மேலாளருக்குத் தெரியாது. லாரி என்றால் தெரியும்.

உலக வங்கிக் குழுவைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் 2017இல் 128 வளரும் நாடுகளை வைத்துக் கணக்குப் போட்டது. பதிவு பெற்ற குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குத் தேவைப்பட்டும் கிடைக்காத கடன், ஆண்டுக்கு 5.2 லட்சம் கோடி டாலர் என்று வந்தது. பதிவே இல்லாமல் நடக்கும் தொழில்கள் அதில் சேரவில்லை. இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் அரசுகள் திட்டம் போடுகின்றன. ஆனால் எந்தத் திட்டம் எந்தச் சிக்கலைத் தீர்க்கிறது என்று புரியாமல் விண்ணப்பித்துவிட்டு, மாதக்கணக்கில் அலைபவர்கள் ஏராளம்.

முதலில் கடன் உத்தரவாதம். அடமானம் இல்லாதவருக்கு இதுதான் பெரிய கதவு. இந்தியாவில் மத்திய அரசும் சிறுதொழில் வளர்ச்சி வங்கியான சிட்பியும் சேர்ந்து 2000இல் தொடங்கிய கடன் உத்தரவாத அறக்கட்டளையை, அதாவது சிஜிடிஎம்எஸ்இ-யை, எடுத்துக்கொள்வோம். குறு, சிறு தொழிலுக்கு ஈடு வாங்காமல் வங்கி கடன் கொடுக்கிறது. அந்தக் கடன் வராக்கடன் ஆகிவிட்டால், இழப்பில் பெரும்பகுதியை அறக்கட்டளை வங்கிக்கு ஈடுகட்டுகிறது. உத்தரவாதம் பெறும் கடனின் உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 5 கோடி ரூபாயாகவும், 2025 ஏப்ரலில் 10 கோடியாகவும் உயர்த்தப்பட்டது.

இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. உத்தரவாதம் வங்கிக்கு, உங்களுக்கு அல்ல. நீங்கள் கட்டாவிட்டால் அரசு கட்டிவிடும், கணக்கு தீர்ந்தது என்று இருந்துவிட முடியாது. சிறிய கடன்கள் தவிர மற்றவற்றில், வங்கி முதலில் உங்கள் மீது சட்ட நடவடிக்கை தொடங்க வேண்டும். அப்புறம்தான் அறக்கட்டளையிடம் பணம் கேட்கவே முடியும். உங்கள் கடன் அப்படியே நிற்கும், கடன் வரலாறும் கெடும். உத்தரவாதத்துக்கு ஆண்டுதோறும் ஒரு கட்டணமும் உண்டு. வழக்கமாக அது கடன் வாங்கியவர் தலையில்தான் விழும். வட்டியை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள், இந்தக் கட்டணத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்று, உத்தரவாதம் இருப்பதாலேயே வங்கி கடன் கொடுத்தாக வேண்டும் என்று இல்லை. தொழில் ஓடுமா என்ற முடிவு வங்கியுடையது. ஆனால் குறு, சிறு தொழில்களுக்கான 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது 2010 முதலே ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதை மீறி வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொன்னால் தயங்காமல் கேள்வி கேட்கலாம்.

அடுத்தது மானியத்தோடு சேர்ந்த கடன். இந்தியாவின் பிஎம்இஜிபி, அதாவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், இந்த வகை. 18 வயது தாண்டியவர் விண்ணப்பிக்கலாம். உற்பத்தித் தொழில் என்றால் திட்டச் செலவு 50 லட்சம் ரூபாய் வரை, சேவைத் தொழில் என்றால் 20 லட்சம் வரை. கைப்பணம் 10 சதவீதம் போட வேண்டும். பெண்கள், பட்டியல் இனத்தவர் உள்ளிட்ட சிறப்புப் பிரிவினருக்கு 5 சதவீதம் போதும். பிரிவையும் ஊரா நகரமா என்பதையும் பொறுத்து மானியம் 15 முதல் 35 சதவீதம் வரை.

இந்த மானியம் உங்கள் கைக்கு வராது. வங்கியில் உங்கள் பெயரில் மூன்று வருடம் வைப்பாக முடங்கிக் கிடக்கும். அந்தத் தொகைக்குச் சமமான கடன் பகுதிக்கு வட்டி கிடையாது. மூன்று வருடம் கழித்து, தொழில் உண்மையிலேயே நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகு, அது கடனில் கழிக்கப்படும். நடுவில் கடையை மூடிவிட்டால் அந்தப் பணம் இல்லை. மானியத்தை வைத்து மூலப்பொருள் வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம் போட்டவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்தத் திட்டத்தின் முதல் கடன் புதுத் தொழிலுக்கு மட்டும் என்பதையும் மனதில் வையுங்கள். அவசரப்பட்டு முன்கூட்டியே தொடங்கிவிட்டால் தகுதி போய்விடும்.

மூன்றாவது வழி வெளியில் அதிகம் தெரியாது. அரசோ மத்திய வங்கியோ வங்கிகளுக்குக் குறைந்த வட்டியில் மறுநிதி கொடுக்கும். வங்கிகள் அதைப் பசுமைத் தொழிலுக்குக் கடனாகக் கொடுக்கும். வங்கதேசத்தின் மத்திய வங்கி 2009இல் சூரிய மின்சாரம், சாண எரிவாயு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றுக்காக 200 கோடி டாக்காவில் இப்படி ஒரு நிதியைத் தொடங்கியது. அங்கேயே இட்கால் என்ற அரசு நிதி நிறுவனம் செய்ததை நான் இன்னும் பெரிய சாதனையாக மதிக்கிறேன். உள்ளூர் அமைப்புகள் வீடுகளில் சூரியத் தகடுகளைப் பொருத்தின. வீட்டுக்காரர்கள் கொஞ்சம் முன்பணம் கொடுத்து, மீதியைத் தவணையில் கட்டினார்கள். பொருத்திய வேலையைச் சோதித்துப் பார்த்த பிறகு இட்கால் அந்த அமைப்புகளுக்கு மறுநிதி கொடுத்தது. 2003இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் 40 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளுக்கு வெளிச்சம் கிடைத்தது. உங்கள் நாட்டில் மறுநிதி எந்த வங்கி வழியாக வருகிறது என்று தெரிந்தால், அந்த வங்கிக்கே நேராகப் போகலாம்.

சட்டம் மாறியதால் திறந்த கதவும் ஒன்று உண்டு. நிலம், வீடு தவிர இயந்திரம், சரக்கு, வரவேண்டிய பாக்கி ஆகியவற்றையும் பதிவேட்டில் பதிந்து ஈடாகக் காட்டலாம் என்று பல நாடுகள் சட்டம் இயற்றியுள்ளன. கென்யாவிலும் நைஜீரியாவிலும் இது 2017இல் வந்தது.

கென்யாவில் மற்றொரு விதி எனக்கு மிகவும் பிடித்தது. அரசுக் கொள்முதலில் 30 சதவீதம் இளைஞர்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள் நடத்தும் நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். அதற்குத் தகுதிபெற நிறுவனத்தின் உறுப்பினர்களில் குறைந்தது 70 சதவீதமாவது அந்தப் பிரிவினராகவும், தலைமை முழுவதும் அவர்களாகவும் இருக்க வேண்டும். அரசுப் பள்ளிக்குச் சூரியத் தகடு பொருத்தும் ஆர்டர் கையில் இருந்தால் வங்கியில் பேச்சே வேறு. கடன் திட்டங்களைவிட ஆர்டர் தரும் திட்டங்கள் இளைஞர்களை வேகமாக நிமிர்த்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

சர்வதேச நிதிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நேரம் அதிகம் வீணாகிறது. வளரும் நாடுகளின் காலநிலைத் திட்டங்களுக்குப் பணம் தரும் பசுமைக் காலநிலை நிதியம் 2010இல் உருவாக்கப்பட்டது. தலைமையகம் தென் கொரியாவின் சோங்டோவில். தனிநபரோ சின்ன நிறுவனமோ அதற்கு நேரடியாக விண்ணப்பிக்க முடியாது. அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வழியாகத்தான் பணம் வரும். இந்தியாவில் ஊரக வளர்ச்சி வங்கியான நபார்டும் சிட்பியும், வங்கதேசத்தில் இட்காலும் அந்த அங்கீகாரம் பெற்றவை. அந்த நிதியத்தின் கணக்கில் மிகச் சிறிய திட்டம் என்பதே 1 கோடி டாலர் வரைக்குமானது. ஆகவே நீங்கள் விசாரிக்க வேண்டியது உங்கள் நாட்டு அங்கீகார நிறுவனம் நடத்தும் துணைத் திட்டத்தை.

திருப்பித் தர வேண்டாத மானியப் போட்டிகளும் உண்டு. ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் உலகத் தகவமைப்பு மையமும் 2021இல் தொடங்கிய யூத் அடாப்ட் போட்டி, 18 முதல் 35 வயதுள்ளவர்களின் தொழில்களுக்கு 1 லட்சம் டாலர் வரை கொடுத்திருக்கிறது. கிடைத்தால் பெரிய வரம். ஆனால் வெல்பவர் கொஞ்சம் பேர். அதை நம்பி ஆள் வேலைக்கு எடுக்காதீர்கள்.

வெளிநாட்டு முதலீட்டாளர் டாலரில் கடன் தர முன்வந்தால் நிதானியுங்கள். வருமானம் உள்ளூர்ப் பணத்தில், தவணை டாலரில் என்றால், நாணயம் சரியும் ஒவ்வொரு முறையும் கடன் தானாக வளரும்.

விண்ணப்பத்தில் நான் முதலில் பார்க்கச் சொல்வது மாதவாரி வரவு செலவு அட்டவணையை. குளிர்கிடங்கு வைப்பவருக்கு அறுவடைக் காலத்தில்தான் வாடகை வரும். வங்கியோ ஒவ்வொரு மாதமும் தவணை கேட்கும். வறண்ட மாதங்களை மறைக்காமல் அப்படியே காட்டி, தவணை தொடங்க அவகாசமும், பருவத்துக்கு ஏற்ற தவணையும் கேளுங்கள். இயந்திரத்துக்கான கடனோடு நடைமுறை மூலதனத்தையும், அதாவது அன்றாடச் செலவுக்கான பணத்தையும், அதே விண்ணப்பத்தில் கேளுங்கள், தனியாக அப்புறம் கேட்டால் கிடைப்பது கஷ்டம். இயந்திரம் விற்பவரிடமிருந்து விலைப்புள்ளியுடன், பழுதானால் யார் சரிசெய்வார், பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்வாரா என்று ஒரு கடிதமும் வாங்கி இணையுங்கள். மேலாளருக்குத் தெரியாத மறுவிற்பனை விலைக்கு அதுவே பதில். மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அடுத்த வங்கிக்கோ மேல்முறையீட்டுக்கோ போகும்போது எதைத் திருத்த வேண்டும் என்று அந்தத் தாளில் இருக்கும்.