உங்கள் பெயரில் வேறொருவர் வாக்களித்துவிட்டால்: ஆய்வுக்குரிய வாக்கு பற்றிய விதிகள்

வரிசையில் நின்று வாக்குச்சாவடிக்குள் நுழைந்ததும், "உங்கள் ஓட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டது" என்று அலுவலர் சொன்னால், பலர் சிறிது நேரம் வாதாடிவிட்டு மனவருத்தத்தோடு வீடு திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்ப வேண்டிய தேவை சட்டப்படி இல்லை. தேர்தல்களை நடத்துவதற்கான 1961ஆம் ஆண்டு விதிகளில் 49பி (49P) என்னும் விதி, தம் பெயரில் வேறொருவர் முன்னரே வாக்களித்துவிட்ட நிலையில் வந்து நிற்கும் உண்மையான வாக்காளருக்குத் தனி வாக்குச்சீட்டு ஒன்றைத் தர வேண்டும் என்று கூறுகிறது. அவர் அளிக்கும் வாக்கு ஆய்வுக்குரிய வாக்கு எனப்படுகிறது. பேச்சு வழக்கில் டெண்டர் ஓட்டு என்பார்கள்.

இந்த உரிமையைப் பற்றித் தேர்தல்தோறும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றி வருகிறது. பட்டியலில் பெயர் இல்லையென்றாலும் ஆதாரைக் காட்டி, 49ஏ பிரிவின்கீழ் 'சேலஞ்ச் ஓட்டு' கேட்டு வாக்களிக்கலாம் என்றும், ஒரு சாவடியில் டெண்டர் ஓட்டுகள் 14 சதவீதத்தைத் தாண்டினால் அங்கு மறுவாக்குப்பதிவு நடக்கும் என்றும் அது சொல்கிறது. இரண்டுமே தவறு. விதி 49ஏ மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பைப் பற்றியது. வாக்காளரின் உரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மறுவாக்குப்பதிவைப் பொறுத்தவரை, 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 58ஆம் பிரிவும் 58ஏ பிரிவும் இயந்திரம் பறிக்கப்படுதல், சேதப்படுத்தப்படுதல், வாக்குப்பதிவைப் பாதிக்கும் நடைமுறைப் பிழை, சாவடியைக் கைப்பற்றுதல் போன்ற காரணங்களைத்தான் சொல்கின்றன; 14 சதவீதம் என்ற கணக்கு எந்த விதியிலும் இல்லை. இந்தச் செய்தியை நம்பி, பெயர் இருக்கிறதா என்று பார்க்காமலேயே வாக்குப்பதிவு நாளன்று வந்து ஏமாந்து போகிறவர்களை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. நல்லெண்ணத்தோடு பகிரப்படுவதாலேயே இதை எதிர்த்துச் சொல்வதும் கடினமாகிவிடுகிறது.

பட்டியலில் பெயர் இல்லாதவர் வாக்களிக்க முடியாது என்பதை அதே சட்டத்தின் 62ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. கையில் வாக்காளர் அடையாள அட்டை இருப்பதும் இதற்கு ஈடாகாது. வேட்புமனு தாக்கல் செய்வதற்கான கடைசி நாளுக்குப் பிறகு, அந்தத் தேர்தல் முடியும்வரை பட்டியலில் எந்தப் பெயரையும் சேர்க்கவோ நீக்கவோ இயலாது. ஆகவே விடுபட்டவர்கள், பெயர் சேர்ப்பதற்கான விண்ணப்பமான படிவம் 6ஐ அதற்குச் சில நாட்களுக்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். 1950 என்ற உதவி எண்ணிலும் வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் பெயரைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இனி 49பி விதி சாவடிக்குள் எப்படி நடைமுறைக்கு வருகிறது என்று பார்ப்போம். முதல் அலுவலர் பட்டியலில் உங்கள் வரிசை எண்ணைத் தேடும்போது, அந்தப் பெயரின்மேல் ஏற்கெனவே கோடு போடப்பட்டிருக்கும். சில வேளைகளில் இது ஆள்மாறாட்டமாகவே இராது. ஒரே பெயர் கொண்ட இருவரில் ஒருவருக்குப் பதில் மற்றவரைக் குறித்துவிட்ட கைப்பிழையாகவும் இருக்கலாம். எதுவானாலும் முதல் மேசையிலேயே வாதாடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் வாக்குச்சாவடித் தலைமை அலுவலரிடம் இருக்கிறது. அவரிடம் அடையாள ஆவணத்தைக் காட்டி, ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு வேண்டும் என்று கேட்க வேண்டும். அவர் உங்கள் அடையாளம் குறித்துக் கேட்கும் கேள்விகளுக்கு நிறைவான பதில் கிடைத்தால், படிவம் 17பியில் உங்கள் விவரத்தை எழுதிக் கையொப்பம் பெற்றுக்கொண்டு சீட்டைத் தருவார். அது இயந்திரத்தில் ஒட்டப்பட்டுள்ள வாக்குச்சீட்டைப் போன்றதே. பின்புறத்தில் ஆய்வுக்குரியது என்ற குறிப்பு மட்டும் இருக்கும். மறைப்புக்குள் சென்று, அங்கு தரப்படும் முத்திரையை விரும்பும் வேட்பாளருக்கு நேரே பதித்து, பிறர் பார்க்காதபடி மடித்துத் தலைமை அலுவலரிடமே கொடுக்க வேண்டும். அவர் அதை அதற்கென வைத்திருக்கும் உறையில் போடுவார். இயந்திரத்தின் பொத்தானை அழுத்தும் வாய்ப்பு மட்டும் உங்களுக்குக் கிடையாது.

சேலஞ்ச் ஓட்டு என்பது முற்றிலும் வேறு. அது வாக்காளர் கேட்டுப் பெறுவதன்று. வந்திருப்பவர் உண்மையான ஆள்தானா என்று வேட்பாளரின் முகவர் எழுப்பும் ஆட்சேபம். விதி 49ஜேயின்படி, முகவர் 2 ரூபாய் கட்டி ஆட்சேபம் தெரிவித்தால், தலைமை அலுவலர் அங்கேயே சுருக்கமாக விசாரிப்பார். ஆட்சேபம் நிரூபணமாகாவிட்டால் அந்த நபர் வழக்கம்போல் இயந்திரத்தில் வாக்களிப்பார். நிரூபணமானால் அவர் தடுக்கப்பட்டுக் காவல் துறையிடம் ஒப்படைக்கப்படுவார். ஆள்மாறாட்டத்துக்கு, குற்றங்களுக்கான தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 174ஆம் பிரிவு ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடம் தருகிறது. கள்ள ஓட்டை விழுவதற்கு முன்பே தடுக்கும் வழி இதுதான் என்பதால், ஊரை அறிந்த, நாள் முழுவதும் இருக்கையை விட்டு எழாத முகவரைக் கட்சிகள் அமர்த்துவது மிகவும் முக்கியம்.

ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு போடப்பட்ட அந்த உறை பிறகு என்ன ஆகிறது என்பதைத்தான் மக்களிடம் யாரும் சொல்வதில்லை. வாக்கு எண்ணும் நாளில் அது திறக்கப்படுவதில்லை. அதில் உள்ள சீட்டுகள் எண்ணப்படுவதும் இல்லை. தேர்தல் முடிவை எதிர்த்துத் தேர்தல் மனு தொடரப்பட்டு, முதலில் விழுந்த வாக்கு செல்லாதது என்ற கேள்வி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தால்தான் அவற்றுக்கு உயிர் வரும். 2008ஆம் ஆண்டு ராஜஸ்தான் சட்டமன்றத் தேர்தலில், முதலமைச்சர் பதவிக்குப் பேசப்பட்ட மாநிலக் காங்கிரஸ் தலைவர் சி.பி. ஜோஷி, நாத்துவாரா தொகுதியில் 62,215 வாக்குகள் பெற்று, 62,216 வாக்குகள் பெற்ற பாஜகவின் கல்யாண் சிங் சவுகானிடம் ஒரே ஒரு வாக்கில் தோற்றார். அவர் தொடர்ந்த வழக்கில் ஆய்வுக்குரிய வாக்குகள் முக்கியக் கேள்வியாயின. 2011இல் அது உச்ச நீதிமன்றம் வரை சென்றபோது, மனுவில் குறிப்பிட்டுச் சொல்லப்பட்டவற்றைத் தாண்டி விசாரணை விரியக்கூடாது என்று நீதிமன்றம் கூறியது. எந்தச் சாவடியில், யாருடைய வாக்கு, எப்படிப் பறிபோனது என்பதை மனுவிலேயே எழுதாவிட்டால், உறைக்குள் இருக்கும் சீட்டு உதவாது என்பதே இதன் பொருள்.

தமிழ்நாட்டிலும் நெருக்கமான முடிவுகள் புதிதல்ல. 2016இல் ராதாபுரத்தில் வித்தியாசம் 49 வாக்குகள். 2021இல் தியாகராய நகரில் 137 வாக்குகள். வெற்றி வித்தியாசத்தைவிட ஆய்வுக்குரிய வாக்குகளின் எண்ணிக்கை கூடுதலாக இருக்கும் தொகுதிகளில், தோற்றவர் வழக்குப் போட வேண்டும் என்று காத்திராமல், அந்த வாக்குகளை விசாரித்துத் தீர்க்கும் பொறுப்பைத் தேர்தல் ஆணையமே ஏற்கும் வகையில் விதி திருத்தப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தம்மீது எந்தத் தவறும் இல்லாத வாக்காளரின் தீர்ப்பு, ஒரு வேட்பாளரின் விருப்பத்தையும் பண வசதியையும் நம்பியிருப்பது நியாயமன்று.

அதற்காக இந்தச் சீட்டைக் கேட்காமல் விட்டுவிடக் கூடாது. நீங்கள் பேசாமல் திரும்பினால், உங்கள் பெயரில் நடந்த மோசடிக்கு அரசு ஆவணத்தில் எந்தத் தடயமும் இராது. கேட்டுப் பெற்றால், படிவம் 17பியில் உங்கள் கையொப்பம் இருக்கும். வழங்கப்பட்ட சீட்டுகளின் எண்ணிக்கை, வாக்குப்பதிவு முடிந்ததும் தயாராகும் படிவம் 17சியிலும், பின்னர் படிவம் 20இல் வெளியாகும் இறுதி முடிவிலும் ஏறும். முகவர்கள் 17சியின் நகலைப் பெறும்போது அந்த எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். தேர்தல் மனுவை வேட்பாளர் மட்டுமன்றி அந்தத் தொகுதியின் வாக்காளர் எவரும் தாக்கல் செய்யலாம். வெற்றி பெற்றவர் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து 45 நாட்களுக்குள், 2,000 ரூபாய் பிணைத்தொகையுடன் உயர் நீதிமன்றத்தில் அது சேர வேண்டும்.