வெளிப்பூச்சுத்தானே என்று சொல்லாதீர்கள்

போன கிழமை ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஓர் அம்மம்மாவை மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக் கொண்டுவந்தார்கள். இரண்டு முழங்காலிலும் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம். தோல் கறுத்து நீர் கோத்திருந்தது, சீலை பட்டாலே முனகினார். கொதிதண்ணீர் ஊற்றுப்பட்டதாக்கும் என்றுதான் நினைத்தேன். பேத்தி பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்து மேசையில் வைத்தாள். முழங்கால் நோவுக்கு யூரியூப் பார்த்துத் தானே காய்ச்சிய எண்ணெய். குளக்கட்டில் பிடுங்கிய வேர்த்துண்டுகள் அடியில் கிடந்தன. பூ எப்படி இருந்தது என்று கேட்டேன். வெள்ளைப் பூ, காம்போடு கையில் பிசுபிசு என்று ஒட்டியதாம். கொடிவேலி.

இந்த வருடம் எனக்கு இது நாலாவது. சுத்தி செய்யாத, அதாவது நஞ்சை முறிக்காத கொடிவேலி வேர் தோலைப் பொசுக்கும் என்பது நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரிமாருக்குப் பாலபாடம். நாங்களும் அதை மருந்தில் சேர்க்கிறோம், ஆனால் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்துச் சுத்தி செய்த பிறகுதான்.

பேத்தி சொன்ன வார்த்தைதான் இதை எழுத வைத்தது. "வெளிப்பூச்சுத்தானே டொக்டர், குடிக்கவா போறம்?" கிழமைக்கு ஒருவராவது இதை என்னிடம் சொல்கிறார்கள். தயவுசெய்து யோசியுங்கள். பூசினால் உள்ளே போகாது என்றால் நோவுக்கு எண்ணெய் பூசுவதே எதற்கு? மருந்து உள்ளே போய் நோவை ஆற்றும் என்று நம்புகிற நீங்கள், நஞ்சு மட்டும் தோலோடு நின்றுவிடும் என்று எப்படி நம்புகிறீர்கள்? பயணத்தில் சத்தி வராமலிருக்கக் காதுக்குப் பின்னால் ஒட்டுகிற மருந்துப் பட்டி ஒன்று இருக்கிறது. அதிலுள்ள ஸ்கோபொலமின் தோல் வழியாகத்தான் இரத்தத்தில் சேர்கிறது. அதே பொருள் ஊமத்தையிலும் உண்டு. எண்ணெயில் இறக்கி, சூடாக்கி, அழுத்தித் தேய்த்தால் இன்னும் சுலபமாகப் போகும், சிரங்கோ வெடிப்போ உள்ள தோல் என்றால் கேட்கவே வேண்டாம். ஊமத்தை இலை போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் கைக்குழந்தைக்குப் பூசாதீர்கள். முகம் சிவந்து, வாய் வறண்டு, கண்மணி விரிந்து, பிள்ளை இல்லாத ஒன்றைப் பிடிக்கக் கை நீட்டினால் என்னிடம் வந்து மினக்கெடாமல் நேரே பெரியாஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கற்பூரமும் அப்படித்தான். சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வரும்.

அடுத்தது பெயர்க் குழப்பம். வாதமடக்கி என்று தழுதாழையையும் சொல்கிறார்கள், வாதநாராயணியையும் சொல்கிறார்கள். ஒன்று பத்தை, மற்றது மரம். வீடியோவில் பேசுகிறவர் எதைச் சொல்கிறார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? மாசிபத்திரி மூலிகை என்று நினைத்து, பார்த்தீனியம் என்ற களையைக் காய்ச்சியவரையும் பார்த்திருக்கிறேன். பார்த்தீனியத்துக்குக் கரட் இலை மாதிரி வெட்டுவெட்டான இலை, பொடிப்பொடியாக வெள்ளைப் பூ. இலங்கையில் அது முதலில் பதிவானதே 1999இல், எங்கள் வவுனியாவில். ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு காற்றில் அதன் தூள் பட்டாலே முகமும் கழுத்தும் தடித்து அரிக்கும்.

எண்ணெயே காய்ச்ச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நொச்சி, முடக்கொத்தான், ஆமணக்கிலை இவற்றை உங்கள் வளவிலேயே நிச்சயமாக அடையாளம் தெரிந்தால் நல்லெண்ணெயிலோ இலுப்பெண்ணெயிலோ காய்ச்சுங்கள். பொதுக் கணக்கு, கற்கம் (அரைத்த மூலிகை விழுது) 1 பங்கு, எண்ணெய் 4, நீர்ப்பகுதி (சாறோ கசாயமோ) 16. தண்ணீர் முழுதாக வற்ற வேண்டும். கற்கத்தை எடுத்து விரலிடையில் உருட்டினால் திரியாக வரும், நெருப்பில் போட்டால் சடசடக்காமல் எரியும். அதுதான் பதம். ஈரம் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும், அப்புறம் ஊற்ற வேண்டியதுதான். முதலில் முழங்கை மடிப்பில் ஒரு சொட்டுப் பூசி ஒரு முழு நாள் பாருங்கள். களைநாசினி அடித்த வயல் வரம்பில் பிடுங்காதீர்கள். கண்ணிவெடி இருக்கிறது என்று எச்சரிக்கிற சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் நொச்சி காடாக நின்றாலும் கால் வைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

சீனி வருத்தக்காரரின் பாதத்துக்குச் சூடான எண்ணெய் வேண்டாம், சுட்டாலும் அவருக்குத் தெரியாது. உடம்பில் போர்க்காலத்துச் செல் (எறிகணை) துண்டு கிடக்கிறவர்கள் எங்கள் பக்கம் எத்தனையோ பேர். அந்த இடத்தை அழுத்தித் தேய்க்காதீர்கள். கால் இழந்தவர்களுக்கு அடிக்கட்டையின் வடுத்தோல் மெல்லியது, கொப்புளம் வந்தால் ஆறும்வரை பொய்க்கால் மாட்ட முடியாது. அவருடைய வேலையும் போச்சு.

எரிந்தாலோ அரித்தாலோ உடனே சவர்க்காரம் போட்டு எண்ணெயைக் கழுவுங்கள். கொப்புளத்தை உடைக்காதீர்கள், மஞ்சளோ பற்பசையோ அப்பாதீர்கள். வரும்போது எண்ணெய்ப் போத்தலையும், பிடுங்கிய செடியை வேர், இலை, பூவோடு ஒரு பொலித்தீன் பையில் போட்டும் கொண்டுவாருங்கள். அந்தப் பேத்தி போத்தலைக் கொண்டுவந்தபடியால்தான் அன்றைக்கு எனக்கு வேலை சுலபமாக முடிந்தது.