பள்ளி நேரத்தைக் கூட்டும் முன் குழந்தையின் தூக்கக் கணக்கைப் பாருங்கள்

பள்ளி நேரத்தை இன்னும் ஒரு மணி நேரம் நீட்டினால் என்ன, இத்தனை நீண்ட விடுமுறை எதற்கு என்ற பேச்சு சில வருடங்களுக்கு ஒருமுறை எழுகிறது. கேட்பவர்களிடம் நியாயமும் இருக்கிறது. அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், பள்ளி விட்ட பிறகு பிள்ளை யார் பொறுப்பில் இருக்கும் என்பது தினசரிக் கவலை. பாடத்தை முடிக்க முடியாமல் திணறும் ஆசிரியர்களுக்கும் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. குழந்தை மருத்துவராக நான் இவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் கூட்டப்போகும் அந்த ஒரு மணி நேரத்தைக் குழந்தையின் நாளில் எதிலிருந்து எடுக்கப் போகிறீர்கள்?

ஒரு பத்து வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-ல் வெளியிட்ட பரிந்துரைப்படி 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். பத்து மணி நேரம் தூக்கத்துக்குப் போனால் மிச்சம் பதினான்கு. பள்ளிக்கு ஏழு, போய்வர ஒன்றரை, காலையில் கிளம்ப ஒன்று, வீட்டுப்பாடமும் டியூஷனும் சேர்ந்து இரண்டரை. கையில் நிற்பது இரண்டே மணி நேரம். அதற்குள்தான் சாப்பாடு, குளியல், விளையாட்டு, வீட்டில் உள்ளவர்களோடு பேச்சு எல்லாம். இதில் பள்ளி இன்னும் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டால் முதலில் போவது விளையாட்டு. அதுவும் போதாதபோது தூக்கம் குறைகிறது. அப்படித் தூக்கம் குறைந்த பிள்ளைகள்தான் என்னிடம் வருகிறார்கள்.

அவர்கள் 'தூக்கம் போதவில்லை' என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைவலி, வயிற்றுவலி, காரணமில்லாத எரிச்சல், 'கவனமே இல்லை' என்று பள்ளியிலிருந்து வந்த புகார் என்றுதான் வருகிறார்கள். "டாக்டர், ஞாயித்துக்கிழமை நல்லா ஓடியாடுறான். திங்கக்கிழமை காலையில வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடுறான். நடிக்கிறானா?" என்று கேட்காத அம்மாக்கள் குறைவு. நடிப்பில்லை அம்மா, வலி உண்மையிலேயே இருக்கிறது என்பதுதான் என் முதல் பதில். குடலும் மூளையும் நரம்புகளால் நெருக்கமாகப் பிணைக்கப்பட்டவை. பயமும் களைப்பும் சேரும்போது குடலின் அசைவும் வலியை உணரும் தன்மையும் நிஜமாகவே மாறுகின்றன. அதனால் இப்படி வரும் குழந்தைகளுக்கு ஸ்கேன் எழுதுவதற்கு முன், இரவு எத்தனை மணிக்குப் படுக்கிறாய், காலையில் யார் எழுப்புகிறார்கள், சாப்பிட்டுவிட்டுப் போகிறாயா என்று கேட்கிறேன். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

எல்லா வலியையும் பள்ளியின் தலையில் போட்டுவிடவும் கூடாது. நடுராத்திரியில் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, எடை குறைதல், பார்வையில் மாற்றம், மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல் இவற்றில் ஏதாவது இருந்தால் நாள் கிழமை பார்க்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பதின்ம வயதுப் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் அதிகம் திட்டு வாங்குகிறவர்கள் அவர்கள்தான். பருவமடையும்போது உடலின் உள்கடிகாரமே தள்ளிப்போகிறது. தூக்கத்துக்கு வழிகாட்டும் மெலடோனின் சுரப்பு தாமதமாகத் தொடங்குகிறது. சிலருக்கு இது இரண்டு மணி நேரம் வரை தள்ளிப்போகும். ஒன்பது மணிக்குப் படு என்றால் படுப்பான், தூக்கம் வராது. அதிகாலையில் எழுப்பினால் இரவின் கடைசிப் பகுதியில் அதிகமாக வரும் கனவுத் தூக்கம் அறுபடுகிறது. படித்தது மனதில் பதிவதற்கும் உணர்ச்சிகள் சமநிலைக்கு வருவதற்கும் இரவுத் தூக்கம் முழுமையாக வேண்டும். இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்வது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014-ல் சொன்னதற்குக் காரணம் இதுதான். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2016-ல் உயர்நிலைப் பள்ளிகளின் தொடக்கத்தை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றியது. பிள்ளைகள் கூடுதலாக விழித்திருந்து அந்த நேரத்தை வீணாக்குவார்கள் என்று நினைத்தவர்கள் உண்டு. அளந்து பார்த்தபோது மாணவர்கள் முன்பைவிட அரை மணி நேரத்துக்கும் மேல் அதிகமாகத் தூங்கியிருந்தார்கள். கலிபோர்னியா இதைச் சட்டமாகவே கொண்டுவந்து 2022-ல் நடைமுறைப்படுத்தியது. ஆகவே பள்ளி நேரத்தை நீட்டியே தீர வேண்டும் என்றாலும், காலைப் பக்கம் மட்டும் கை வைக்காதீர்கள்.

நேரம் கூடினால் கல்வி கூடுமா? பின்லாந்தின் தொடக்கப் பள்ளிகளில் வருடாந்தரப் பாட நேரம் மற்ற வளர்ந்த நாடுகளோடு ஒப்பிட்டால் குறைவு. அங்கே 45 நிமிடப் பாடத்துக்குப் பின் 15 நிமிடம் வெளியே விடுவது வழக்கம். அப்படியிருந்தும் அந்த நாடு சர்வதேசத் தேர்வுகளில் பல ஆண்டுகள் முன்வரிசையில் நின்றது. தென்கொரியாவிலோ பள்ளி முடிந்தும் படிப்பு முடிவதில்லை. தலைநகர் சியோலில் இரவு 10 மணிக்கு மேல் டியூஷன் மையங்கள் வகுப்பு நடத்தக் கூடாது என்று விதி போட வேண்டிய நிலை வந்தது. கொரியப் பிள்ளைகளும் மதிப்பெண்ணில் முன்னணியில்தான் இருக்கிறார்கள். ஆக, மணிக்கணக்கை மட்டும் வைத்து மதிப்பெண்ணைச் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை எத்தனை மணி நேரம் தூங்கியிருக்கும் என்று சொல்லிவிடலாம்.

கூடுதல் நேரத்துக்கு நான் முழு மனதோடு சம்மதிக்கும் ஒரு வகை உண்டு. சீனாவின் குவாங்சோவில் ஆறேழு வயதுக் குழந்தைகளுக்குப் பள்ளி நாளின் முடிவில் தினமும் 40 நிமிடம் திறந்தவெளி வகுப்பைச் சேர்த்து மூன்று வருடம் கவனித்தார்கள். வழக்கம்போல நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது; வெளியே விட்ட பள்ளிகளில் 30.4 சதவீதம். 2015-ல் வெளியான ஆய்வு இது. வெளிச்சம்தான் இங்கே முக்கியம் என்று கருதப்படுகிறது. வெளிச்சத்தை அளக்கும் அலகான லக்ஸில் சொன்னால், வகுப்பறையில் சில நூறு என்றால் வெயில் நாளில் வெளியே பத்தாயிரத்தைத் தாண்டும். பிரகாசமான ஒளியில் விழித்திரையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருள், கிட்டப்பார்வைக்குக் காரணமாகும்படி கண் நீளமாக வளர்வதைத் தடுக்கிறது என்பது இன்று பெரிதும் ஏற்கப்படும் விளக்கம். ஆகையால் கூட்டும் நேரம் மைதானத்துக்கு என்றால் கூட்டுங்கள். வீட்டுப்பாடம் முழுவதையும் பள்ளியிலேயே ஆசிரியர் உதவியோடு முடித்து வெறும் கையோடு அனுப்புகிறோம் என்றாலும் சரி. பள்ளியும் நீளும், வீட்டுப்பாடமும் அப்படியே இருக்கும், டியூஷனும் தொடரும் என்றால் அந்தக் குழந்தையின் உடம்பு தாங்காது.

விடுமுறையை வெட்டக் கூடாது என்பது என் தரப்பு. அதற்கு எதிரான சான்றுகளையும் சொல்லியாக வேண்டும். நீண்ட கோடை விடுமுறையில் பிள்ளைகள் சராசரியாக ஒரு மாதப் படிப்பை மறக்கிறார்கள் என்று பழைய ஆய்வுகளைத் தொகுத்த 1996-ஆம் ஆண்டு அலசல் ஒன்று சொன்னது. இழப்பு அவ்வளவு பெரியதா என்று பின்னால் வந்தவர்கள் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். உடல்நலப் பக்கம் இன்னும் கவலைக்குரியது. 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மழலையர் வகுப்பிலிருந்து இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் உடற்பருமன் உள்ள குழந்தைகள் 8.9 சதவீதத்திலிருந்து 11.5 சதவீதமானார்கள். அந்த உயர்வு முழுக்கக் கோடை விடுமுறைகளில் நிகழ்ந்தது, பள்ளி மாதங்களில் இல்லை. நானும் பார்க்கிறேன்: இரவு ஒரு மணி வரை கைபேசி, மதியம் எழுந்திருத்தல், நாள் முழுக்கச் சோபா. வீட்டில் பாதுகாப்பில்லாத குழந்தைகளின் நிலை இதைவிட மோசம். சில பிள்ளைகளுக்கு வயிறாரச் சாப்பாடு கிடைக்கும் இடமும், 'ஏன் முகம் வாடியிருக்கு?' என்று கேட்க ஒரு பெரியவர் இருக்கும் இடமும் பள்ளி மட்டும்தான்.

இதற்கு நான் சொல்லும் வழி விடுமுறையை வெட்டுவது இல்லை, பிரித்துக் கொடுப்பது. மொத்தப் பள்ளி நாட்களைக் கூட்டாமல், 45 நாள் பள்ளி, 15 நாள் விடுமுறை என்று சுழலும் அட்டவணை அமெரிக்காவின் சில பள்ளிகளில் இருக்கிறது. அதனால் மதிப்பெண் பெரிதாக உயர்ந்துவிடவில்லை. ஆனால் தூக்கமும் சாப்பாடும் மாதக்கணக்கில் தறிகெட்டுப் போகாமல் இருக்க வாய்ப்பு அதிகம். நீண்ட விடுமுறை இருந்தாலும் பள்ளியின் மைதானத்தையும் நூலகத்தையும் திறந்து வைக்கலாம், சாப்பாடு போடலாம். பாடத்திட்டத்தை மட்டும் உள்ளே விடாமல் இருந்தால் போதும். ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று ஐ.நா.வின் 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 31-ஆவது பிரிவில் எழுதி வைத்திருக்கிறது. நன்றாகப் படித்ததற்கான பரிசாக அதை எந்தக் குழந்தையும் சம்பாதிக்க வேண்டியதில்லை.

உங்கள் பள்ளியில் நேரத்தை மாற்றப்போவதாகச் சுற்றறிக்கை வந்தால், பெற்றோர் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். கூடுதல் நேரத்தில் மைதானத்துக்கு எவ்வளவு, வீட்டுப்பாடம் எவ்வளவு குறையும், பள்ளியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள நிறுத்தத்தில் வேன் ஏறும் குழந்தை எத்தனை மணிக்கு எழ வேண்டியிருக்கும்? போகும் முன் ஒரு வாரம் உங்கள் பிள்ளை படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் குறித்து வைத்து, அந்தத் தாளைக் கையில் கொண்டு போங்கள். விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே படுக்கும் நேரத்தைக் கால் மணி கால் மணியாக முன்னே கொண்டுவரத் தொடங்குங்கள். அதற்குப் பிறகும் பள்ளி நாட்களில் வயிற்றுவலி தொடர்ந்தால், அந்தத் தாளோடு என்னைப் போன்ற ஒருவரிடம் வாருங்கள்.