அமெரிக்க அதிபர் போடுவது அவசரச் சட்டமா?

அமெரிக்க அதிபர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு கேமரா முன்னால் தூக்கிக் காட்டினால் போதும், ‘அதிபர் அவசரச் சட்டம் பிறப்பித்தார்’ என்று நம் தொலைக்காட்சிகளில் ஓடத் தொடங்கிவிடுகிறது. செய்தியோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு அந்நாட்டுக் குடிமை உரிமைப் போராட்ட வரலாற்றைத் தமிழில் விளக்குகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். ராணுவத்தில் நிறப் பாகுபாட்டை ஒழிக்க அதிபர் ட்ரூமன் 1948இல் ‘அவசரச் சட்டம்’ கொண்டுவந்தாராம். அவர் எந்தச் சட்டமும் கொண்டுவரவில்லை. அவர் போட்டது எக்சிக்யூட்டிவ் ஆர்டர், எண் 9981.

முதலில் சொல்லின் வேர். எக்சிக்யூட்டிவ் என்பது ‘கடைசிவரை பின்தொடர்ந்து முடி’ என்ற பொருளுள்ள லத்தீன் வினையிலிருந்து வந்தது. தமிழில் அதற்கு ‘நிறைவேற்று’ கச்சிதமாகப் பொருந்துகிறது. மரண தண்டனைக்கு ஆங்கிலத்தில் வரும் அதே வினைக்கு நாமும் ‘நிறைவேற்றினார்கள்’ என்றுதானே சொல்கிறோம்? அமெரிக்க அரசமைப்பின் 2ஆம் உறுப்பு இந்த அதிகாரத்தை அதிபரிடம் கொடுத்து, சட்டங்கள் ஒழுங்காக நிறைவேறுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. இலங்கைத் தமிழர்கள் 1978 அரசமைப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘நிறைவேற்று அதிகாரம் கொண்ட சனாதிபதி’ என்று சரளமாகச் சொல்கிறார்கள். ஆகவே நிறைவேற்று ஆணை. புதிதாக எதையும் உருவாக்க வேண்டியதில்லை.

சரி, அவசரச் சட்டம் ஏன் தப்பு? அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. இந்தியாவில் நாடாளுமன்றம் கூடாத நேரத்தில், அமைச்சரவையின் ஆலோசனைப்படி, 123ஆம் உறுப்பின்கீழ் குடியரசுத் தலைவர் பிறப்பிப்பது அது. மாநிலத்தில் 213ஆம் உறுப்பின்கீழ் ஆளுநர். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக வந்தது நினைவிருக்கும். அது முழுச் சட்டத்தின் வலு உள்ளது. ஆனால் அவை மறுபடி கூடி 6 வாரத்துக்குள் ஏற்காவிட்டால் செத்துப்போகும். அமெரிக்க அதிபரின் ஆணைக்கு இதில் எதுவுமே பொருந்தாது. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், கூடியிருக்கும்போதும் போடலாம், அவசரமே இல்லாமலும் போடலாம், 6 வாரக் கெடுவும் கிடையாது. அடுத்த அதிபர் ரத்து செய்யும்வரை பல பத்தாண்டுகள்கூட நிற்கும். முக்கியமாக, அது புதுச் சட்டம் இயற்றுவதில்லை. அரசமைப்போ காங்கிரஸின் சட்டமோ ஏற்கெனவே கொடுத்த அதிகாரத்தின்மேல்தான் நிற்க வேண்டும். நம் ஊரில் இதற்கு நெருங்கிய உறவு அரசாணைதான், அவசரச் சட்டம் இல்லை.

1957 செப்டம்பர் 24 அன்று ஐசன்ஹவர் போட்ட 10730ஐ எடுத்துப் பாருங்கள். லிட்டில் ராக் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளிக்குள் 9 கறுப்பின மாணவர்களை நுழையவிடாமல் தடுக்க, ஆர்கன்சா ஆளுநர் மாநிலத்தின் தேசியக் காவல் படையையே நிறுத்தியிருந்தார். அதிபரின் ஆணை அந்தப் படையை மத்திய அரசின் கீழ் கொண்டுவந்தது. கூடவே 101ஆவது வான்வழிப் படைப்பிரிவின் வீரர்களும் போய் இறங்கினார்கள். அதன் வாசகத்தில் அதிபர் தன் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று காங்கிரஸ் இயற்றிய சட்டத்தின் பிரிவு எண் போட்டுச் சொல்கிறார்: 332, 333, 334. வகுப்பில் பிள்ளைகள் விரல் வைத்துப் படிக்க வேண்டிய இடம் அதுதான். ‘சட்டம்’ என்று மொழிபெயர்த்துவிட்டால் அந்த எண்கள் எதற்கு என்ற கேள்வியே எழாது. 1952இல் ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கையகப்படுத்தியபோது உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தடுத்ததும் இதனால்தான்: அந்த அதிகாரத்தை அவருக்கு யாரும் கொடுத்திருக்கவில்லை.

இன்னொன்று. அதிபரே சட்டம் போடலாம் என்றால் 1964 குடிமை உரிமைச் சட்டத்துக்காக ஏன் அத்தனை பேர் அடிபட்டார்கள் என்று ஒரு பதினாறு வயதுப் பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? அரசு ஒப்பந்ததாரர்கள் வேலை கொடுப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்று ஜான்சன் 1965இல் போட்ட 11246ஐ, 2025 ஜனவரியில் டிரம்ப் ஒரே கையெழுத்தில் நீக்கினார். 1964 சட்டத்தை அப்படி நீக்க முடியாது. அப்புறம் ரூஸ்வெல்ட்: போர்த் தொழிற்சாலைகளில் இனப் பாகுபாட்டைத் தடுத்த 8802 வந்தது 1941 ஜூனில், சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைக்க வழிவிட்ட 9066 வந்தது 1942 பிப்ரவரியில். போட்டவர் ஒருவரே, கருவியும் ஒன்றே. இதைப் புரியவைக்காமல் அதிபரின் அதிகாரம் பற்றிப் பாடம் நடத்துவதில் அர்த்தமே இல்லை.

‘நிர்வாக உத்தரவு’ என்று எழுதுகிறவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் நிர்வாகம் என்றதும் கம்பெனி மேலாளர்தான் கண்முன் வருகிறார், அரசின் மூன்று கிளைகளில் ஒன்று வருவதில்லை. ‘செயலாணை’ சுருக்கமாக இருந்தாலும், எதைச் செயலாக்குகிறது என்பது அதில் விட்டுப்போகிறது. நிறைவேற்று என்றால் ‘எதை?’ என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விதான் வேண்டும்.

நம் மொழிபெயர்ப்பாளர்களில் பலருக்கு அரசு வெளியிடும் எல்லாமே சட்டம்தான். 1957இல் லிட்டில் ராக் கும்பலைக் கலையச் சொல்லி ஐசன்ஹவர் முதல் நாள் வெளியிட்டது பிரகடனம், மறுநாள் போட்டது ஆணை. இரண்டையும் ‘சட்டம்’ என்றே எழுதிவிட்டுப் போகிறார்கள். லிங்கன் 1863இல் வெளியிட்டதும் பிரகடனம்தான், ‘அடிமை ஒழிப்புச் சட்டம்’ இல்லை. அது கிளர்ச்சி செய்த பகுதிகளுக்கு மட்டுமே. கென்டக்கியிலும் டெலவேரிலும் அடிமைகளாக இருந்தவர்கள் அடிமைமுறையை ஒழித்த 13ஆவது அரசமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 1865 டிசம்பர்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.